எழுதிக் கொடுக்குமுன் ஒரு வரி



நல்லூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சில காலத்துக்கு முன் நமது ஆண்கள் வார்டில் இருந்தார். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தவர். காய்ச்சல் இறங்கி, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் கட்டிலை விட்டு எழவில்லை. "எந்த வீட்டுக்குப் போறது சிஸ்டர்?" என்று கேட்டார். வீட்டையும் மனையையும் மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிப் பதிவும் செய்துவிட்டாராம். மருந்துச் செலவுக்கு உங்கள் காணிக்கை உதவியது. பத்திரத்துக்கு நம்மிடம் மருந்து இல்லை.

நம் சபைகளிலும் இது நடக்கிறது. ஆகவே சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

உயில் எழுதினால், உயிரோடிருக்கும்வரை சொத்து உங்களுடையதே. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் அப்படியல்ல, எழுதிப் பதிந்ததும் உரிமை கைமாறிவிடுகிறது. பிறகு மனம் மாறினால், சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தனியே போய் ரத்து செய்துவிட முடியாது. எங்களைக் கேட்டால், குடியிருக்கும் வீட்டுக்கு உயிலே போதும் என்போம்.

அப்படியும் எழுதித்தான் கொடுக்கவேண்டுமென்றால், என்னைக் கடைசிவரை பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23 இதற்காகவே இருக்கிறது. நிபந்தனையோடு வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்டவேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இச்சட்டத்தை முதியோருக்கு ஆதரவாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்துத் தாயார் ஒருவர் மகனுக்கு எழுதிய செட்டில்மென்டை ரத்து செய்த உத்தரவை உறுதிசெய்தது. அன்பினால் எழுதியது என்றாலே பராமரிப்பு அதில் அடங்கும் என்பது அதன் கருத்து. ஆனாலும் நீதிமன்றம் எப்படிச் சொல்லுமோ என்று எழுபது வயதில் காத்திருப்பதைவிட ஒரு வரி எழுதிவிடுவது எளிது.

தீர்ப்பாயம் என்பது நம் மாநிலத்தில் வருவாய் கோட்டாட்சியரிடம் இருக்கிறது. 60 வயதானவர்கள் மனுக் கொடுக்கலாம். சொத்தே எழுதிக் கொடுக்காதவர்களும் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். அலையமுடியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசலாம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திடவேண்டும். கிறிஸ்தவர்கள் இரண்டு விஷயங்களில் ஏமாந்துபோகிறார்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன்படி, சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ எழுதிய பங்கு நமக்குச் செல்லாது. மூத்த மருமகனைச் சாட்சியாக்கினால் மகளுக்கு எழுதியது போய்விடும்! மனைவியை இழந்தவர் மறுமணம் செய்தால் பழைய உயிலும் ரத்தாகிவிடும், புதிதாக எழுதவேண்டும்.

உயில் இல்லாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மகன், மகள் எல்லாருக்கும் சமமாகப் போகும். ஒரே வீடுதான் சொத்து என்றால் அந்த அம்மாவின் நிலையை யோசியுங்கள்.

வங்கியில் நாமினி போட்டாயிற்று, போதும் என்றும் இருக்காதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வைப்பவர்தான்; உரிமை வாரிசுகளுக்கே.

மருத்துவமனைக்கு எழுதிவைக்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கு எழுதும் உயில், இறப்பதற்கு 12 மாதம் முன்பே எழுதப்பட்டிருக்கவேண்டும் என்று முன்பு பிரிவு 118-ல் தடை இருந்தது. 2003-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. ஆனாலும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டியதை எழுதியபிறகே எங்களை நினையுங்கள். வார்டில் படுத்திருப்பவரிடம் நாங்கள் உயில் பேச்சை எடுப்பதில்லை.

அந்தப் பெரியவர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்திருக்கிறார். அவருடைய பத்திரத்தில் அந்த ஒரு வரி இல்லை. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.