சர்க்கரையில் நட்டம் என்று ஆலை சொன்னால்

கரும்புப் பணம் கேட்டுப் போகும் விவசாயியிடம் "சர்க்கரையில் நட்டம்" என்று ஆலை கைவிரிக்கலாம். கணக்குப் புத்தகத்தில் அப்படியே எழுதியும் இருக்கலாம். அந்த நட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அரைப்பது ஒரே கரும்பு. அதிலிருந்து சர்க்கரை, மொலாசஸ், சக்கை, பிரஸ்மட் எல்லாம் வருகின்றன. மொலாசஸ் எரிசாராயமும் எத்தனாலும் ஆகிறது; சக்கை இணைமின் நிலையத்தின் கொதிகலனுக்குப் போகிறது. இவை பிரியும் இடம்வரை ஆகும் செலவு கூட்டுச் செலவு. எந்தப் பொருளின் தலையில் அதில் எவ்வளவு வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இலாபம் இடம் மாறும்.

ஓர் உதாரணக் கணக்கு. கரும்பு விலையும் அரவைச் செலவும் 90 லட்சம் ரூபாய். சர்க்கரை 80 லட்சத்துக்கும் துணைப் பொருட்களான மற்றவை 40 லட்சத்துக்கும் விற்றன. முழுச் செலவையும் சர்க்கரைமேல் போட்டால் சர்க்கரையில் 10 லட்சம் நட்டம், மற்றவற்றில் 40 லட்சம் இலாபம். விற்பனை மதிப்பின் விகிதத்தில் பிரித்தால் செலவு 60, 30 லட்சம். இலாபம் முறையே 20, 10 லட்சம். துணைப் பொருள் வருமானத்தைச் செலவில் கழித்தால் சர்க்கரையின் செலவு 50 லட்சம், இலாபம் 30 லட்சம். எல்லாம் விற்றுத் தீர்ந்த ஆண்டில், எப்படிப் பிரித்தாலும் ஆலைக்கு 30 லட்சம்தான். சரக்கு இருப்பில் நின்றால் மட்டும், அதன்மேல் ஏற்றிய செலவு அந்த ஆண்டின் இலாபத்தையே மாற்றும். எடைப்படி பிரிப்பது கரும்புக்குச் சற்றும் பொருந்தாது: 100 டன்னில் சக்கை சுமார் 30 டன், சர்க்கரை சுமார் 10 டன். செலவின் பெரும்பகுதி சக்கையின் தலையில் விழும்.

எனக்கு உண்மையான கவலை, ஆலை தன் சொந்த மின்நிலையத்துக்குச் சக்கையை என்ன விலைக்குக் கொடுக்கிறது என்பதில்தான். அங்கே குறைத்து எழுதினால் சர்க்கரைப் பிரிவு மெலியும், மின் பிரிவு கொழுக்கும். சர்க்கரைத் தொழில் மீதான கட்டுப்பாடுகளை ஆராய்ந்த ரங்கராஜன் குழு 2012-ல், சர்க்கரையும் துணைப் பொருட்களும் சேர்ந்த மதிப்பில் 70 சதவீதம், அல்லது சர்க்கரை மதிப்பில் மட்டும் 75 சதவீதம் விவசாயிக்கு என்று பரிந்துரைத்தது. துணைப் பொருளின் மதிப்பைக் குறைத்துக் காட்டினால் அந்த 70 சதவீதத் தொகையும் சுருங்கும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஆலையென்றால், ஆண்டறிக்கையில் பிரிவுவாரிக் கணக்கைப் புரட்டுங்கள். பிரிவுகளுக்கிடையேயான விற்பனை அங்கே இருக்கும். கரும்புக்கான எஃப்ஆர்பி எனும் நியாயமான ஆதாய விலையை நிர்ணயிக்கும்போது துணைப் பொருள் வருமானத்தையும் மத்திய அரசு பார்க்க வேண்டும் என்றே 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது.

அதே ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். சர்க்கரையில் நட்டம் என்பது தாமதத்துக்குக் காரணமாகாது. எழுத்துமூலம் வேறு ஒப்பந்தம் இருந்தால் கெடு மாறலாம். ஆகவே ஆலை நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி, அதாவது ஒரு லட்சத்துக்கு மாதம் 1,250 ரூபாய். நிலுவையை நிலவரிப் பாக்கிபோல வசூலிக்கவும் ஆணையில் வழியுண்டு. மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் சர்க்கரைத் துறையிடமும் மனுக் கொடுக்கலாம். மனுவில் அசலையும் வட்டியையும் தனித்தனியாகக் கணக்கிட்டு எழுதி, எடைச்சீட்டின் நகலை இணையுங்கள்.