குடிசைகளை இடிக்காமல் குழாயைக் கொண்டுவந்த கொல்கத்தா

கொல்கத்தா: 5 ஆண்டுகளில் குடிசைப் பகுதிகளே இல்லாத இந்தியாவை உருவாக்க அரசு பாடுபடும் என்று 2009-ம் ஆண்டு ஜூன் மாதம் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலின் உரையில் இடம்பெற்ற அந்த அறிவிப்பு, ராஜீவ் வீட்டு வசதித் திட்டமாக உருவெடுத்தது. 2015-ல் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. திட்டங்களின் பெயர்கள் மாறின. நகரங்களில் குடிசைகள் மறைந்துவிடவில்லை.

தலைநகரில் இருந்து அறிவிக்கப்படும் இத்தகைய இலக்குகளுக்கு வெகு காலம் முன்னரே, வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்த நகரம் கொல்கத்தா. குடிசைகளை அகற்ற இயலாது என்று ஒப்புக்கொண்டு, அங்கு வாழ்வோருக்குக் குடிநீரையும் கழிப்பிடத்தையும் தெருவிளக்கையும் கொண்டுசேர்ப்பதே முதல் கடமை என்று அந்நகரம் 1970-களில் முடிவு செய்தது. அரை நூற்றாண்டு கடந்த நிலையில், அந்த முடிவு எதைச் சாதித்தது, எதைச் செய்யத் தவறியது என்று பார்ப்பது மற்ற நகரங்களுக்கும் பயன்தரும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொல்கத்தா மாநகராட்சியில் வசித்தோர் சுமார் 45 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 14 லட்சம் பேர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர், குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். எனவே, இது நகரின் ஓரத்தில் உள்ள சிலரது பிரச்னை அல்ல. வீட்டு வேலை செய்வோர், ரிக்ஷா இழுப்போர், தோல் பொருள் தைப்போர், சிறு பட்டறைத் தொழிலாளர்கள் என நகரை இயக்குவோர் வாழும் இடங்கள் இவை.

மூன்று கிரவுண்டு நிலம்

வங்கத்தில் குடிசைப் பகுதியை "பஸ்தி' என்று அழைக்கின்றனர். இது வெறும் பேச்சு வழக்குச் சொல் அல்ல. சட்டத்தில் விளக்கம் பெற்ற சொல். பத்து கட்டாவுக்குக் குறையாத நிலத்தில் குடிசைகள் தொகுப்பாக அமைந்திருந்தால் அது பஸ்தி என்று பழைய நகராட்சிச் சட்டம் கூறியது. கொல்கத்தாவில் ஒரு கட்டா என்பது 720 சதுர அடி. பத்து கட்டா, சென்னைக் கணக்கில் சரியாக மூன்று கிரவுண்டு.

பஸ்தியின் அமைப்பும் தனித்தன்மை வாய்ந்தது. நிலத்தின் உரிமையாளர் ஒருவர். அவரிடம் நிலத்தை வாடகைக்கு எடுத்து அதில் குடிசை கட்டியவர் "டிகா' குத்தகைதாரர். அந்தக் குடிசையில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து வாழும் குடும்பம் மூன்றாவது படி. ஆக, புறம்போக்கு நிலத்தில் அத்துமீறிக் குடியேறியவர்கள் என்று இவர்களைக் கூறிவிட முடியாது. இவர்கள் வாடகை செலுத்துவோர். இதனாலேயே ஒரே உத்தரவில் குடிசைகளை அகற்றுவது கொல்கத்தாவில் எளிதாக இருக்கவில்லை.

டிகா குத்தகைதாரர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் 1949-ல் இயற்றப்பட்டது. 1981-ல் இடதுசாரி முன்னணி அரசு கொண்டுவந்த சட்டம், பஸ்தி நிலங்களை அரசுடைமை ஆக்கியது. நிலவுடைமையாளர் விலக, அரசே குத்தகைதாரருக்கு நிலம் அளிப்பவராயிற்று. பின்னர் 2001-ல் இதற்கு மாற்றாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டது.

இடிக்கும் திட்டம் கைவிடப்பட்டது ஏன்?

கொல்கத்தாவும் தொடக்கத்தில் மற்ற நகரங்களைப் போலவே சிந்தித்தது. குடிசைகளை அகற்றி, அங்கு வாழ்வோருக்கு மாற்று வீடு வழங்க 1958-ல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அனைவருக்கும் அடுக்குமாடி கட்டித் தர மாநில அரசிடம் நிதி இல்லை. தொழிலாளர்களுக்கோ வேலையிடத்தை விட்டு வெகு தூரம் செல்ல மனமில்லை. குடிசையே பலருக்குப் பட்டறையாகவும் இருந்தது.

இதற்கிடையே காலரா நகரை உலுக்கியது. கொல்கத்தாவின் குடிநீர், கழிவுநீர் நிலையை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, 1959-ல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 1961-ல் முதல்வர் பி.சி. ராய் பெருநகரத் திட்ட அமைப்பை உருவாக்கினார். ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் அந்த அமைப்பு தயாரித்த அடிப்படை வளர்ச்சித் திட்டம் 1966-ல் வெளியானது. பஸ்திகளை உடனடியாக அகற்றுவது நடைமுறை சாத்தியமல்ல, முதலில் அவற்றை மேம்படுத்த வேண்டும் என்ற கருத்து அதில் இடம்பெற்றது.

1970-ல் மேற்கு வங்கம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தபோது, தில்லியின் முயற்சியால் கொல்கத்தா பெருநகர வளர்ச்சி ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் முதல் பணிகளுள் ஒன்று பஸ்தி மேம்பாட்டுத் திட்டம். குடிசைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. சந்துகளுக்குத் தளம் போடப்பட்டது. மூடிய வடிகால் அமைக்கப்பட்டது. பொதுக் குழாய்களும் தெருவிளக்குகளும் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதக் கழிவை மனிதரே அள்ளிச் சென்ற எடுப்புக் கழிப்பிடங்கள், கழிவுநீர்த் தொட்டி அல்லது பாதாளச் சாக்கடையுடன் இணைந்த கழிப்பிடங்களாக மாற்றப்பட்டன.

சுமார் பத்து ஆண்டுகளில் பெருநகரப் பகுதியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை இத்திட்டம் சென்றடைந்தது. 1973 முதல் உலக வங்கியும் கொல்கத்தாவின் நகர்ப்புறத் திட்டங்களுக்குக் கடன் வழங்கியது. 1972-ல் மத்திய அரசு தொடங்கிய நகர்ப்புறக் குடிசைப் பகுதிச் சூழல் மேம்பாட்டுத் திட்டமும் இதே பாதையில்தான் அமைந்தது.

சென்னை சென்ற பாதை

இதே காலத்தில் தமிழகம் வேறு முடிவை எடுத்தது. 1970-ல் முதல்வர் கருணாநிதியின் அரசு குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது. மறு ஆண்டே அதற்கான சட்டம் வந்தது. குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டுவது அதன் நோக்கம். ஏழைக்கும் காங்கிரீட் கூரை என்பது கொல்கத்தாவால் எண்ணிப் பார்க்க முடியாத இலக்கு. 1977-ல் உலக வங்கித் திட்டம் வந்தபோது, இருந்த இடத்தில் அடிப்படை வசதி செய்து தரும் முறையையும் சென்னை பின்பற்றியது.

ஆனால் 2000-க்குப் பிறகு நிலைமை மாறியது. நீர்நிலையோரம் வாழ்ந்தோர் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். வீடு கிடைத்தது, வேலையும் பள்ளியும் தொலைவாயின. வாரியத்தின் பெயர் 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது. சென்னையில் வீடு கிடைத்தவர் இடத்தை இழந்தார். கொல்கத்தாவில் இடத்தைத் தக்கவைத்தவருக்கு நல்ல வீடு கிடைக்கவில்லை. இரு நகரங்களின் அனுபவத்தையும் ஒருங்கே வைத்துப் பார்ப்போர்க்கு இந்த உண்மை விளங்கும்.

வார்டின் பொறுப்பு

ஆணையம் அமைத்த குழாயையும் வடிகாலையும் பராமரிக்கும் பொறுப்பு இறுதியில் மாநகராட்சியிடமே வந்து சேர்ந்தது. கொல்கத்தா மாமன்றம் நெடிய வரலாறு உடையது. 1899-ல் ஆங்கில அரசு, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தபோது, சுரேந்திரநாத் பானர்ஜி உள்ளிட்ட 28 உறுப்பினர்கள் பதவி விலகினர். அதே சுரேந்திரநாத் அமைச்சராகி 1923-ல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ், 1924-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயரானார். சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரியானார்.

உறுப்பினர்கள் பதவி விலகிய அதே 1899-ல், பிளேக் நோய் பரவிய வடக்குக் கொல்கத்தாவில் சகோதரி நிவேதிதை துடைப்பத்தைக் கையிலெடுத்துச் சந்துகளைக் கூட்டினார். அவரது செயலைக் கண்டு அப்பகுதி இளைஞர்களும் உடன் இறங்கினர். மகாகவி பாரதியார் குருவாக ஏற்ற அந்த அம்மையாரைத் தமிழர்கள் நன்கு அறிவர். தெருவின் தூய்மை மாமன்றத்துக்கு மட்டுமின்றித் தெருவில் வாழ்வோருக்கும் உரிய பொறுப்பு என்ற எண்ணம் இந்நகருக்குப் புதிதல்ல.

இப்போதைய மாநகராட்சி, 1980-ம் ஆண்டுச் சட்டப்படி மேயர் குழு முறையில் இயங்குகிறது. ஜாதவ்பூர், பெஹாலா, கார்டன் ரீச் பகுதிகள் 1980-களில் இணைக்கப்பட்டதால் வார்டுகளின் எண்ணிக்கை 141 ஆனது. 2012-ல் ஜோக்கா சேர்ந்தபின் 144 ஆயிற்று. இவை 16 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. குழாயில் நீர் வரவில்லை என்றாலும், விளக்கு எரியவில்லை என்றாலும் மக்கள் முதலில் நாடுவது வார்டு உறுப்பினரையே.

2025 ஆகஸ்ட் மாதம் மேற்கு வங்க அரசு "ஆமாதேர் பாரா, ஆமாதேர் சமாதான்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. "நம் பகுதி, நம் தீர்வு' என்பது இதன் பொருள். ஒவ்வொரு வாக்குச்சாவடிப் பகுதிக்கும் ரூ. 10 லட்சம் ஒதுக்கி, அந்தப் பணத்தில் எந்தச் சிறு பணியைச் செய்வது என்பதை மக்களே முகாமில் கூறலாம் என அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு சட்டப்பேரவைத் தேர்தல் வர இருந்த நிலையில் இது அறிவிக்கப்பட்டதால், எதிர்க்கட்சிகள் இதைத் தேர்தல் உத்தி என்று விமர்சித்தன. ஆயினும், ஒரு தெருவின் தேவையை அத்தெருவினரிடமே கேட்பது சரியான தொடக்கம்தான். 3 லட்சத்துக்கும் அதிகமான மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம் கூறுவதும் இதையே.

சந்துக்குக் கீழே

மேலே தளம் போட்டாயிற்று. கீழே இருப்பது என்ன? கொல்கத்தாவின் மையப் பகுதியில் ஓடும் செங்கல் சாக்கடைகள் 19-ம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை. மழைநீரும் கழிவுநீரும் ஒரே வழியில் செல்கின்றன. நகரின் நிலம் ஹூக்ளி நதியை நோக்கிச் சரியாமல், கிழக்கேயுள்ள ஈரநிலங்களை நோக்கிச் சரிகிறது. அங்குள்ள ஏரிகளில் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்கப்படுகிறது. 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற, சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஈரநிலமே நகரின் இயற்கையான சுத்திகரிப்பு நிலையம்.

வடிகால் அமைப்பு மணிக்கு 6 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 நள்ளிரவுக்குப் பின் பெய்த மழையோ, 24 மணி நேரத்துக்குள் 251.4 மில்லிமீட்டராகப் பதிவானது. துர்கா பூஜைக்குச் சில நாள்களே இருந்த நேரத்தில் நகரமே நீரில் மூழ்கியது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து இறந்தவர்கள். தெருவுக்கு வெளிச்சம் தர வந்த மின் கம்பியே, பராமரிப்பும் வடிகாலும் பொய்த்தால் உயிரைப் பறிக்கும் என்பதை அந்த இரவு உணர்த்தியது.

இன்னொரு கணக்கும் தீர்க்கப்படவில்லை. 2025 ஜனவரி 29-ம் தேதி உச்ச நீதிமன்றம், தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத் ஆகிய 6 நகரங்களில் மனிதர்களைக் கொண்டு பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யத் தடை விதித்தது. நான்கே நாள்களில், பிப்ரவரி 2-ம் தேதி, கொல்கத்தாவை ஒட்டிய பான்டாலா தோல் தொழிற்பேட்டையில் ஆள்நுழைவுக் குழியில் இறங்கிய 3 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2021 பிப்ரவரியிலும் தெற்குக் கொல்கத்தாவின் குத்காட் பகுதியில் 4 தொழிலாளர்கள் இவ்வாறே மாண்டனர்.

எடுப்புக் கழிப்பிடங்களை ஒழிப்பதையும் நோக்கமாகக் கொண்டு தொடங்கிய நகரம் இது. கழிவைத் தலையில் சுமந்தவர்களை அந்த வேலையிலிருந்து விடுவித்த திட்டம், குழிக்குள் இறங்குபவர்களையும் விடுவித்தால்தான் முழுமை பெறும். அதற்குத் தேவை புதிய அறிவிப்புகள் அல்ல. வார்டுதோறும் அடைப்பு நீக்கும் இயந்திரம், அதை இயக்கப் பயிற்சி பெற்றவர்கள், ஒப்பந்ததாரரைக் கண்காணிக்கும் அதிகாரி ஆகியவையே.

கொல்கத்தா கற்றுத்தரும் பாடம் இரண்டு வகைப்படும். ஏழைகளை அப்புறப்படுத்தாமலேயே அவர்களது வாழ்வை மேம்படுத்த முடியும் என்பது ஒன்று. ஒருமுறை குழாய் பதித்து, விளக்கு நட்டுத் திறப்பு விழா நடத்தியதோடு கடமை முடிந்துவிடாது என்பது மற்றொன்று. மாமன்றத்தின் பதவிக்காலம் 5 ஆண்டுகள். அதன் பொறுப்பில் உள்ள சாக்கடைகளின் வயது 100 ஆண்டுகளுக்கும் மேல். அடுத்து வாக்குக் கேட்டு வருவோரிடம், புதிதாக என்ன கட்டுவீர்கள் என்பதோடு, ஏற்கெனவே கட்டியதை எவ்வாறு காப்பீர்கள் என்றும் பஸ்தி மக்கள் கேட்க வேண்டும். கொல்கத்தாவில் மட்டுமன்று, சென்னையிலும் தில்லியிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி அது.