பிள்ளைக் காம்பராவும் ஜெனீவாவும்

பூனாகலை போன்ற தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் தாய், கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுகிறாள். இன்று அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பெயர் மாறினால் போதுமா?

பிள்ளையின் மூளை மிக வேகமாக வளர்வது முதல் சில வருடங்களில்தான். அதனால்தான் இந்தப் பருவத்துக்காக உலக அரங்கில் பரிந்து பேசுகிறார்கள். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 18ஆம் உறுப்புரை, வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பராமரிப்புச் சேவை பெறும் உரிமை உண்டு என்கிறது. இலங்கை அதை 1991இல் உறுதிப்படுத்தியது. 2018இல் உலக சுகாதார தாபனம், யுனிசெஃப், உலக வங்கி முதலியன சேர்ந்து வெளியிட்ட சட்டகம் ஐந்து தேவைகளை வகுத்தது: சுகாதாரம், போசாக்கு, பாதுகாப்பு, குறிப்பறிந்த கவனிப்பு, ஆரம்பக் கற்றல்.

இவை ஐந்தும் காம்பரா வாசலில் நின்று கேட்கக்கூடிய கேள்விகள். பிள்ளையின் நிறையை மாதாமாதம் பார்த்துக் குறிக்கிறார்களா? மத்தியானம் என்ன சாப்பாடு? ஓர் ஆளின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? அழுதால் தூக்குகிறார்களா? பேச்சு, பாட்டு, விளையாட்டு உண்டா?

கேட்டால் மட்டும் போதாது. பதிலை எழுதி வைக்க வேண்டும். அதைத் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொண்டுபோக வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாடு ஜெனீவாவிலுள்ள சிறுவர் உரிமைகள் குழுவுக்கு அறிக்கை கொடுக்கக் கடமைப்பட்டது. தொண்டு நிறுவனங்களும் அக்குழுவுக்குத் தனியே எழுதலாம். லயத்தில் எழுதிய கணக்கு அங்கே போய்ச் சேராவிட்டால், மலைநாட்டுப் பிள்ளை நாட்டின் சராசரிக்குள் மறைந்துபோகும்.