புதிய குடியிருப்பும் அயலிலுள்ள சதுப்பு நிலமும்

வடக்கு, கிழக்கு, மலையகப் பகுதிகளிலிருந்து கல்விக்காகவும் தொழிலுக்காகவும் தலைநகருக்கு வருவோர் வீடு தேடும்போது, பாடசாலை, கோயில், பள்ளிவாசல், பஸ் தரிப்பிடம் ஆகியன அருகில் உள்ளனவா என்றே முதலில் விசாரிக்கின்றனர். மழைநீர் எங்கு வடிந்து செல்கின்றது என விசாரிப்போர் மிகச் சிலரே. கொலன்னாவை, வெல்லம்பிட்டி போன்ற தாழ்நிலப் பகுதிகளில் குடியேறுவோருக்கு இதுவே பிரதான வினாவாக இருத்தல் வேண்டும்.

கொழும்பில் பெய்யும் மழைநீர் கால்வாய்கள் வழியாக வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் ஆகிய இடங்களில் கடலையும் வடக்கே களனி கங்கையையும் சென்றடைகின்றது. கங்கை பெருக்கெடுக்கும் வேளையில் ஆற்றுநீர் நகருக்குள் புகாதிருக்க வடக்கிலுள்ள கதவுகள் மூடப்படும். அவ்வேளையில் வெளியேற வழியற்ற மழைநீரைத் தாங்கி நிற்பவை சதுப்பு நிலங்களே. அவற்றை மண்ணிட்டு நிரப்பினால் அந்நீர் தாழ்வான வீடுகளையே நாடிச் செல்லும். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவைப் பிரதேச மக்கள் அனுபவித்த துயரம், வெள்ளம் வந்துசேரும் நிலத்தில் வாழ்வதன் ஆபத்தை உணர்த்தியது.

சதுப்பு நிலம் நுளம்பின் இருப்பிடம் என்பதால் அதனை நிரப்புவதே நன்று எனக் கூறுவோர் உளர். ஆயினும் டெங்கு நுளம்பு பிரதானமாகப் பெருகுவது பூச்சாடி, கழித்த டயர், கூரைப் பீலி போன்றவற்றில் தேங்கும் சிறிதளவு தெளிந்த நீரிலேயாகும். நாட்டில் 180,000 க்கும் மேற்பட்டோர் டெங்கினால் பீடிக்கப்பட்டதாகப் பதிவான 2017 ஆம் ஆண்டின் படிப்பினையும் வீட்டுச் சூழலைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும் என்பதே. சதுப்பு நிலத்திலோ மீன்களும் தும்பிகளும் நுளம்புக் குடம்பிகளை உண்கின்றன.

2018 ஒக்டோபரில் ராம்சார் சமவாயத்தின் கீழ் உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாகும். அருகிவரும் மீன்பிடிப் பூனை இந்நகரின் சதுப்பு நிலங்களில் இன்னமும் வாழ்கின்றது. பெத்தகான ஈரநிலப் பூங்கா, தலவத்துகொடை தியசரு பூங்கா ஆகியவற்றில் கொக்குகளையும் நீர்க்காகங்களையும் பிள்ளைகளுக்கு அருகிலிருந்தே காண்பிக்கலாம்.

ஆகவே, வீடொன்றை வாங்கவோ வாடகைக்குப் பெறவோ முன்னர், கடந்த வெள்ளத்தின்போது நீர் எவ்வளவு உயரத்துக்கு வந்ததென அயலவரிடம் கேட்டறிதல் அவசியம். காணி நிரப்பப்பட்டதாயின், அதற்குரிய அனுமதி பெறப்பட்டுள்ளதா என உரிய அதிகாரிகளிடம் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். குடியேறிய பின்னர் கால்வாயில் குப்பை கொட்டாதிருப்பது அயலவருக்குச் செய்யும் உபகாரம் மட்டுமன்று. நமது வாசற்படியைக் காக்கும் வழியுமாகும்.