பயிர் இல்லாத மாதங்களில் வேர்ப்புழு எங்கே இருக்கிறது?

நன்றாக முளைத்து வந்த நிலக்கடலை திடீரென்று திட்டுத்திட்டாக மஞ்சளடித்துக் காயும். செடியைப் பிடித்து இழுத்தால் தடையில்லாமல் கையோடு வந்துவிடும். ஆணிவேர் கடிபட்டுத் துண்டாகியிருக்கும். அந்த இடத்து மண்ணைக் கிளறினால் பழுப்புத் தலையும் பால்வெள்ளை உடம்புமாகச் சுருண்டு கிடக்கும், வேர்ப்புழு. இதைக் கண்ட பிறகுதான் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். அப்போது செய்யும் செலவில் பெரும்பகுதி வீண். ஏன் என்பதற்கு அந்தப் பூச்சியின் ஓராண்டு வாழ்க்கையே சான்று.

வேர்ப்புழு ஒரு வண்டின் இளம்பருவம். கரும்பையும் நிலக்கடலையையும் தாக்கும் ஹோலோட்ரிகியா செர்ரேட்டா என்ற வண்டுக்கு ஆண்டுக்கு ஒரே தலைமுறை. முதல் மழை மண்ணை நனைத்ததும், இருட்டத் தொடங்கும் வேளையில் வண்டுகள் கூட்டமாக வெளியேறி வேம்பு, இலந்தை போன்ற மரங்களில் அமர்ந்து இலையைத் தின்று இணைசேரும்; விடியுமுன் மண்ணுக்குள் திரும்பிவிடும். மண்ணில் இடும் முட்டையிலிருந்து வரும் புழு வேரைத் தின்று வளர்ந்து, ஆழத்தில் கூட்டுப்புழுவாகிப் பின் வண்டாகவும் மாறிவிடும். ஆனாலும் வெளியே வராது. அறுவடை முடிந்து நிலம் வெறுமையாகக் கிடக்கும் கோடை முழுவதும் இரை தேடாமல் அடுத்த மழைக்காக மண்ணுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும்.

பயிரை மாற்றினால் பட்டினியில் சாகாதா என்று கேட்கலாம். கோடையில் அதற்கு உணவே தேவையில்லை. வெளியே வந்தால் மரத்தில் இலை இருக்கிறது. புழுவோ பல பயிர்களின் வேரையும் தின்னும். நீர் தேங்கும் நெல்லுக்கு மாற முடிந்தால் பலன் உண்டு, மானாவாரிக் காட்டுக்கு அந்த வழியில்லை. கோடை உழவு அவசியம்தான். மேலே வருவதைப் பறவைகள் பொறுக்கிவிடும். ஆனால் கொழு எட்டாத ஆழத்தில் இருப்பவை தப்பிவிடும். வேம்பை வெட்டிவிடலாம் என்போரும் உண்டு. அது பெரும் தவறு. சிதறிக் கிடந்த வண்டெல்லாம் நம் கைக்கு எட்டும்படி ஒன்றுகூடும் ஒரே இடம் அந்த மரம்தான். முதல் மழைக்குப் பின் வரும் இரவுகளில் கிளையை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டால், முட்டையிடுமுன்பே கதை முடியும். பிறகு இளம்புழுப் பருவத்தில், நன்கு மக்கிய தொழுவுரத்தோடு மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் கலந்து ஈரமண்ணில் இடலாம்.

காலம் தவறியவரின் பதற்றத்தில்தான் ஆபத்து நுழைகிறது. வேர்ப்புழுவுக்கென்று நெடுங்காலம் விற்ற போரேட் குருணை, 2018-இல் வந்த மத்திய அரசின் ஆணைப்படி 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டது. கொடிய நஞ்சு அது; இன்று யார் நீட்டினாலும் வாங்கக் கூடாது. எந்த மருந்துக்கும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் குறித்த ரசீது கேளுங்கள். போலி என்று சந்தேகம் வந்தால் மீதியைப் பொட்டலத்தோடு பத்திரப்படுத்தி, வட்டார வேளாண் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாதிரி எடுக்கும் அதிகாரம் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு உண்டு. விவசாயியும் நுகர்வோரே என்பதைத் தேசிய விதைக் கழக வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. ஆகவே இழப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். ஆலோசனைக்குக் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பூச்சிச் சேதம் அதில் அடங்கும். ஆனால் இழப்பைக் கணக்கிடுவது அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சலை வைத்து. ஒருவர் காட்டில் மட்டும் கடலை போனால் பணம் வராது. ஆகவே வண்டைப் பிடிப்பதே வழி. நான் ஒருவன் வண்டு பிடித்து என்ன ஆகும், பக்கத்துக் காட்டிலிருந்து பறந்து வராதா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் இது ஊர் சேர்ந்து ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. மார்ச் 22, மே 1 கிராம சபைகள் அநேகமாக வண்டை வெளியே கொண்டுவரும் அந்த முதல் மழைக்கு முன்பே வந்துவிடும். வண்டைக் கவரும் விளக்குப்பொறியும் மெட்டாரைசியமும் மழைக்கு முன்பே ஊருக்கு வந்துசேர வேண்டும் என்று வேளாண்மைத் துறையைக் கோரும் தீர்மானத்தை அங்கே வையுங்கள்.