மாணவர்க்கு ஓர் ஆற்றுப்படை

காஞ்சிபுரம் ஜில்லாவில், வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் செல்லும் சாலையில் தென்னேரி என்னும் கிராமம் இருக்கிறது. ஊருக்குப் பெயர் தந்தது அங்குள்ள பெரிய ஏரி. 'திரையன் ஏரி' என்பதே நாளடைவில் தென்னேரி என்று மருவியது என்றும், தொண்டைமான் இளந்திரையனுடைய பெயரையே அது தாங்கி நிற்கிறது என்றும் பெரியோர் சொல்வார்கள். அந்த இளந்திரையனைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியதுதான் 500 அடிகள் கொண்ட பெரும்பாணாற்றுப்படை.

ஆற்றுப்படை என்பது என்ன? வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், வழியில் வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனை நிறுத்தி, "இன்ன வழியாகப் போ, இன்ன ஊர்களில் தங்கு, இன்னாரைப் பார், உன் குறை தீரும்" என்று சொல்லி அனுப்புவது. பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக்கிய பெருமை நம் தமிழருக்கு உண்டு. அந்தப் பண்பு இன்று யாருக்கு மிகவும் வேண்டியிருக்கிறது என்று கேட்டால், கிராமாந்தரங்களிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகளுக்குத்தான் என்று தயங்காமல் சொல்வோம். உதவிக்கு இன்று அவ்வளவாகப் பஞ்சமில்லை. உதவி எங்கே இருக்கிறது, எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும், எந்தச் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று சொல்வாருக்குத்தான் பஞ்சம்.

வித்தியார்த்திகளுக்குச் சோறும் இருப்பிடமும் கொடுத்துப் படிக்க வைப்பது இந்தப் பிரதேசத்துக்குப் புதிய காரியமன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாகிய திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் வீரராசேந்திர சோழனுடைய ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பொறிக்கப்பட்ட நீண்ட சாசனம் ஒன்றைக் காணலாம். கோயிலின் ஜனநாத மண்டபத்தில் நடந்த கல்விச்சாலையின் வரவு செலவுத் திட்டம் என்றே அதைச் சொல்லிவிடலாம். வேதம், வியாகரணம், ஆகமம் முதலியவை பயின்ற மாணவர்க்கு உணவு, படுக்கப் பாய், இரவில் படிக்க விளக்கு, சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய் என ஒவ்வொன்றுக்கும் நிவந்தம் குறித்திருக்கிறார்கள். எண்ணெய் வரையில் எண்ணிப் பார்த்த அந்தக் கணக்குப் பிள்ளையை நாம் வணங்குகிறோம்! பக்கத்திலேயே 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலை. அதில் ஒரு வைத்தியர், சல்லியக் கிரியை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் ஆகியோர் இருந்தார்கள். ராஜேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரத்தில் நடந்த வித்தியாசாலையோ இன்னும் பெரிது. 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் அங்கே இருந்தனர்.

கல்வியால் உத்தியோகம் கிடைக்கும் என்பதையும் இந்தச் சீமை முன்பே அறிந்திருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுச் சாசனங்கள் குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் பெற்றவை. வாரியத்தில் அமர்வதற்குக் கால் வேலி நிலம் வேண்டும் என்பது விதி. ஆனால் ஒரு வேதத்தையும் ஒரு பாஷ்யத்தையும் கற்றுப் பிறர்க்கு விளக்க வல்லவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்று சலுகை தந்திருக்கிறார்கள். அதே சமயம் ஒன்றை மறைப்பதற்கில்லை. அந்தப் பாயும் விளக்கும் எண்ணெயும் ஒரு வகுப்பாருடைய ஆண் பிள்ளைகளுக்கே கிடைத்தன. ஏரியைத் தூர் வாரியவனுடைய மகனுக்கு அங்கே இடமில்லை. மகளைப் பற்றிப் பேச்சே இல்லை. பழம்பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

நம் தேசிய விழிப்பின் காலத்தில் பழைய தருமம் புது உருவம் கொண்டது. 1905-ஆம் ஆண்டில் ஸ்ரீ ராமகிருஷ்ணானந்த சுவாமிகளின் தூண்டுதலால் சி. ராமசுவாமி ஐயங்கார் சென்னை மயிலாப்பூரில் ஏழே பையன்களுடன் தொடங்கிய மாணவர் இல்லம் அத்தகையது. அதற்கும் முன்னதாக, 1794-இல் காலமான பச்சையப்ப முதலியாரின் அறச்சொத்திலிருந்து 1842-இல் சென்னையில் பள்ளிக்கூடம் பிறந்தது. அவர் பெயரால் காஞ்சிபுரத்திலும் கல்லூரி எழுந்து, சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பட்டப் படிப்பை எட்டும் தூரத்தில் கொண்டு வந்தது.

இப்போது சர்க்காரே பெரிய புரவலராக நிற்கிறது. 1989-இல் ஏழைப் பெண்களின் கலியாணத்துக்கு உதவி செய்வதற்காக மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஒரு திட்டம் ஏற்பட்டது. பின்னால் தாலிக்குத் தங்கமும் அதில் சேர்ந்தது. 2022-இல் அந்தத் திட்டம் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டு, செப்டம்பர் 5-ஆம் தேதி 'புதுமைப்பெண்' என்ற பெயரில் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேர்ந்த பெண்ணின் பாங்குக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேரும்படி ஏற்பாடு. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அம்மையாரின் பெயருக்குத் தாலித் தங்கத்தைவிடக் கல்லூரிப் படிப்பே பொருத்தம் என்பது நமது அபிப்பிராயம். 2024 ஆகஸ்டு 9-ஆம் தேதி கோயம்புத்தூரில் ஆண் பிள்ளைகளுக்கும் இதே தொகை தரும் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் தொடங்கியது.

குடும்பத்தில் எவருமே பட்டம் பெறாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை, கலந்தாய்வு மூலம் தொழிற் படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை பெறலாம் என்பது 2010 முதல் வந்த ஏற்பாடு. வீட்டில் ஒருவருக்கே அது உண்டு என்பதால், அண்ணனுக்கா தங்கைக்கா என்பதைப் பெற்றோர் முன்கூட்டி யோசிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு வைத்தியக் கல்லூரிகளில் 2020-இலும், பொறியியல் முதலிய தொழிற் படிப்புகளில் 2021-இலும் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும், பிற்படுத்தப்பட்டோருக்கும் தனித்தனியே உபகாரச் சம்பளங்கள் உள்ளன. இவற்றின் தொகையும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆகையால் சென்ற வருஷத்துக் கதையை நம்பாமல், கல்லூரியில் இதற்கென்றே நியமித்துள்ள ஆசிரியரைக் கேட்டறிவது நலம்.

இனி வேலை விஷயம். தென்னேரிச் சாலையின் ஒரு முனையில் சுங்குவார்சத்திரம். அதற்கப்பால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். கைபேசியும் மோட்டாரும் செய்யும் தொழிற்சாலைகள் அங்கே நிறைந்திருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கையோடு கம்பெனி பஸ் ஏறினால் மாதா மாதம் சம்பளம் வருகிறது. கல்லூரிக்குப் போனாலோ மூன்று வருஷம் செலவுதான். மழை பொய்த்த ஆண்டில், கடன் பட்ட குடும்பத்தில், எந்தத் தகப்பனார் எதைத் தேர்ந்தெடுப்பார்? அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே தொழிற்சாலை வாயிலில் பட்டதாரியாகவோ டிப்ளோமாக்காரராகவோ போய் நிற்பவருக்கு வேறு நாற்காலி காத்திருக்கிறது என்பதை அவரிடம் யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டாமா? மாதம் 1,000 ரூபாய் கம்பெனிச் சம்பளத்துக்கு ஈடாகாது என்பது உண்மையே. எனினும் பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் வீட்டாரிடம் கையேந்தாமல் ஒரு பெண் படிப்பைத் தொடர அது துணை நிற்கிறது. படிப்பை முடித்தவர் சம்பளத்துடன் தொழில் பழகுவதற்கு 1961-ஆம் ஆண்டின் அப்ரெண்டிஸ் சட்டம் வழி செய்திருக்கிறது. தென்னிந்தியாவில் பட்டதாரிகளுக்கும் டிப்ளோமாக்காரர்களுக்கும் இதைக் கவனிக்கும் சபை சென்னைத் தரமணியில் இருக்கிறது.

சர்க்கார் உத்தியோகம் நாடுவோர்க்கு ஜில்லா வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 'தன்னார்வப் பயிலும் வட்டம்' என்றொரு ஏற்பாடு உண்டு. பரீட்சைக்குப் பயிற்சி இலவசம். தமிழிலேயே படித்தவர்க்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. இங்கிலீஷ் வராதே என்று கிராமத்துப் பிள்ளை கூசும் இடத்தில், தாய்மொழியே சிபாரிசுக் கடிதமாக நிற்கிறது! ஐ.ஏ.எஸ். போன்ற பரீட்சைக்குத் தயார் செய்பவர்களில் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் உதவும் ஏற்பாடு 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 2023-இல் தொடங்கியது.

படிப்பும் உத்தியோகமும் போக, மாணவர் கூடிச் செய்யும் காரியங்களும் உள்ளன. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24-இல் 37 சர்வகலாசாலைகளில் நாற்பதாயிரம் மாணவர்களோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ், கல்லூரிப் பிள்ளைகள் ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்கிச் சேவை செய்கிறார்கள். மரம் நடுகிறார்கள், குளம் சுத்தம் செய்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அந்த ஏழு மாலைகளில் ஒன்றையாவது, உள்ளூர்ப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடும் அவர்கள் பெற்றோரோடும் உட்கார்ந்து, "நாங்கள் இப்படிச் சேர்ந்தோம், இந்த உதவியை இப்படிப் பெற்றோம்" என்று சொல்வதற்கு ஒதுக்கினால் என்ன?

அப்படிச் சொல்லும்போது முதலில் சொல்ல வேண்டியவை சில்லறை விஷயங்களே. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்ய வேண்டும். பரீட்சை முடிவு வரும் வரையில் காத்திருக்கக் கூடாது. பாங்குக் கணக்கு மாணவரின் பெயரிலேயே இருந்து, ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்துக்கள், தலைப்பெழுத்து உள்பட, ஒன்றாயிருக்கின்றனவா என்று கோடை விடுமுறைக்கு முன்பே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். தமிழ்வழிப் படிப்புக்கான அத்தாட்சியைப் பள்ளியை விட்டு வெளியேறும்போதே தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம். பத்து வருஷம் கழித்துக் கேட்டால் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.