காற்றிடம் தோற்கும் ஸ்பீக்கர்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் செல்பேசியும் தயாராகிறது, மோட்டார் சைக்கிளும் தயாராகிறது. ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை 2013-இல் உற்பத்தியைத் தொடங்கியது. வல்லம் வடகால் ஆலை 2017-இல் வந்தது. யமஹாவும் வல்லம் வடகாலில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்பேசி தயாரிக்கும் ஃபாக்ஸ்கான். இவ்வளவு பக்கத்தில் பிறக்கும் இந்த இரண்டையும் ஒரு ஜோடி ஸ்பீக்கரால் இணைத்து, நெடுந்தூரப் பயணத்தில் பாட்டுக் கேட்கலாம் என்று ஆசைப்படுவது இயல்புதான். 2020-இல் ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350 வந்தபோது வழிகாட்டும் சிறு திரை அதில் இருந்தது, ஸ்பீக்கர் இல்லை. அந்தக் குறையை உதிரிக் கடைகள் தீர்த்து வைக்கின்றன. ஹேண்டில்பாரில் மாட்டும் புளூடூத் ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர், கொஞ்சம் வயர். வேலை முடிந்தது.

கடை வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டால் அருமையாகத்தான் பாடும். ஒரகடம் கூட்டுச்சாலை நெரிசலில் 30, 40 கிலோமீட்டர் வேகத்திலும் குறை தெரியாது. சொல்லப்போனால் கார் ஓட்டுபவருக்குக் கிடைக்காத ஒரு வசதி இங்கே உண்டு: காரில் ஓட்டுநர் ஓரமாக உட்கார்ந்திருப்பார், பைக்கில் ஓட்டுபவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில் இருக்கிறார். ஸ்டீரியோவுக்கு இதைவிட நல்ல இருக்கை கிடையாது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறி வேகமானி 80-ஐத் தொடும்போது முதலில் தாளம் காணாமல் போகும், பிறகு பாடகரும் போய்விடுவார். ஒலியைக் கூட்டினால் பாட்டு கிழிகிறது. செட் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். குற்றவாளி காற்று.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓடும் பைக்கில் ஹெல்மெட்டுக்குள் காதருகே ஒலியை அளந்திருக்கிறார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 90 டெசிபல். 160-இல் சுமார் 110. எஞ்சின் சத்தத்தைவிட, ஹெல்மெட்டின் விளிம்பிலும் தாடைக்குக் கீழேயும் காற்று சுழித்துக்கொண்டு எழுப்பும் இரைச்சலே இதில் பெரும்பங்கு. டெசிபல் என்பது மடங்குக் கணக்கு. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடியதாகப் பொருள். 60-லிருந்து 100 கிலோமீட்டருக்குப் போகும்போது இரைச்சல் ஏறத்தாழ அந்த 10 டெசிபல் ஏறிவிடுகிறது. அப்படியானால், 60-இல் 3 வாட்டில் திருப்தியாகக் கேட்ட பாட்டை 100-இல் அதே தெளிவோடு கேட்க 30 வாட் வேண்டும்.

அட்டைப் பெட்டியில் 200 வாட் என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அதை நம்ப வேண்டாம். ஓடும் வண்டியில் பேட்டரி முனையில் கிடைப்பது 14 வோல்ட் சொச்சம். அந்த மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று தனியாக இல்லாத ஆம்ப்ளிஃபயர், 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குச் சிதையாமல் தரக்கூடியது ஏட்டுக் கணக்கில்கூட 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் 20 வாட்டுக்கு முன்பே நின்றுவிடும். அதற்கு மேல் முறுக்கினால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும். காதில் பாட்டு கிழிவது அதனால்தான்.

தாளம் முதலில் தொலைவதற்கு வேறு காரணம் இருக்கிறது. காற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் அதே சுருதியில் வரும் மத்தளத்தையும் பாஸ் கிதாரையும் முதலில் மூடிவிடுகிறது. மூடிய காருக்குள் தாழ்ந்த ஒலி தேங்கி வலுப்பெறும். திறந்த வெளியில் அந்த உதவி இல்லை. போதாக்குறைக்கு, 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3 மீட்டருக்கு மேல். உள்ளங்கை அகல ஸ்பீக்கரின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் இருக்க, நன்றாக அடைத்த பெட்டி வேண்டும். ஹோண்டா கோல்ட்விங் போன்ற வண்டிகளில் ஸ்டீரியோ எடுபடுகிறது என்றால், அகன்ற முன்மறைப்பும் உயரமான கண்ணாடியும் காற்றைத் தலைக்கு மேல் தள்ளிவிடுகின்றன. ஸ்பீக்கருக்கும் அங்கே தக்க பெட்டி கிடைக்கிறது. மறைப்பே இல்லாத 350 சிசி வண்டியில் அதே ஸ்பீக்கரை மாட்டி அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். 2020-இல் பி.எஸ்.-6 மாசு விதி வந்த பிறகு எரிபொருள் பம்பும் அதன் மின்னணு மூளையும் சேர்ந்துகொண்டன. இத்தனைக்கும் கொடுத்து மிஞ்சுவதுதான் பாட்டுக்கு. நெரிசலில் எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும்போது மின்னாக்கி தருவது இன்னும் குறைவு. 8 ஆம்பியர்-மணி பேட்டரியில் நேரடியாக இணைத்த ஆம்ப்ளிஃபயர், அணைக்காமல் விட்டால் வெறும் 100 மில்லி ஆம்பியர் குடித்தாலும் 80 மணி நேரத்தில் பேட்டரி காலி. பொங்கலுக்கு வண்டியை அறையில் விட்டு ஊருக்குப் போய்த் திரும்பும் தொழிலாளியின் வண்டி கிளம்பாமல் போக இது போதும். பழைய புல்லட் என்றால் கிக்கரை உதைத்துக் கிளப்பிவிடலாம். மீட்டியோரில் கிக்கரே கிடையாது.

ஆகவே மாட்டுவதென்றால் முறையாக மாட்ட வேண்டும். ஹாரன் வயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றும் வேலை கூடாது. பேட்டரியிலிருந்து தனி வயர், முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், சாவியைத் திருப்பினால் மட்டும் இணைப்புத் தரும் ரிலே. எர்த் வயரைச் சட்டத்தில் ஆங்காங்கே பிடிக்காமல் ஒரே இடத்தில், முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவிலேயே முடிக்க வேண்டும். ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்கப் பாட்டுக்கு அடியில் ஒரு ‘ஙீ’ சத்தம் சுருதி ஏறிக்கொண்டே வந்தால், மின்னாக்கியின் அலை எர்த் வழியாக உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். ஸ்பார்க் பிளக்கும் சும்மா இருப்பதில்லை. உலகின் முதல் ரேடியோ ஒலிபரப்பிகள் மின்பொறியில்தான் ஓடின. ஒவ்வொரு பிளக்கும் அந்த வகையில் ஒரு குட்டி ஒலிபரப்பி. அதை அடக்கத்தான் ‘ரெசிஸ்டர் பிளக்’ போடுகிறார்கள். ஒரு வண்டி வெளியிடும் மின்காந்த இரைச்சலைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒரகடத்திலேயே, உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறது. ஆலை அனுப்பும் மாதிரி வண்டி இத்தகைய சோதனையைத் தாண்டித்தான் சந்தைக்கு வருகிறது. கடையில் ஏற்றும் ஆம்ப்ளிஃபயரை யாரும் அங்கே கொண்டுபோவதில்லை.

அதிர்வு இன்னொரு தலைவலி. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 குலுக்கல். நட்டைக் கழற்றும், சாலிடரை விரிசல் விடவைக்கும். காகிதக் கூம்பு ஐப்பசி மழையைத் தாங்காது. பாலிபுரொப்பிலீன் கூம்பு பார்த்து வாங்குவது நல்லது. கனமான ஸ்பீக்கரை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் வண்டியின் திருப்பமே மாறிப்போகும்.

இத்தனையும் செய்த பிறகும் காற்று அங்கேயேதான் இருக்கிறது. காதுக்கு ஓரிரு சென்டிமீட்டரில் இருக்கும் ஹெல்மெட் ஸ்பீக்கருக்குச் சில மில்லி வாட் போதும். வண்டியின் வயரைத் தொடவே வேண்டாம். ஓசூரில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏதர் நிறுவனமும் 2024-இல் ஹாலோ என்ற பாடும் ஹெல்மெட்டைத்தான் கொண்டுவந்தது. அதே தமிழ்நாட்டில், போச்சம்பள்ளியில் தயாராகும் ஓலா எஸ்1 ப்ரோ ஸ்கூட்டரில் வண்டியிலேயே ஸ்பீக்கர் உண்டு. ஊருக்குள் மெதுவாகச் சுற்றும் வண்டிக்கு அது சரி. நெடுஞ்சாலைக்கு ஹெல்மெட்தான்.

அதிலும் இரண்டு எச்சரிக்கை உண்டு. 100 டெசிபலை ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்கிறது அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம். காற்றை மிஞ்சப் பாட்டைக் கூட்டினால் அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடுவோம். தாடைப் பக்கம் காற்று புகாத, தலைக்கு இறுக்கமான ஹெல்மெட்டாக வாங்கினால் இரைச்சலும் குறையும், ஒலியையும் தாழ்த்திக் கேட்கலாம். இரண்டாவது, ஸ்பீக்கருக்கு இடம் போதவில்லை என்று சில கடைகளில் உள்ளே இருக்கும் தெர்மோகோலைக் கத்தியால் குடைந்து தருகிறார்கள். விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்த தெர்மோகோல்தான். காதருகே குழிவு ஏற்கெனவே உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குங்கள்; குடைய விடாதீர்கள்.